வெளியில் இருக்கும் ஹாட் டப் உறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி: முதல் வின்டர்காரர்களுக்கு

டொராண்டோவுக்குப் பக்கத்து அஜாக்ஸில் நாங்கள் வீடு வாங்கியபோது கொல்லைப்புறத்து ஹாட் டப்பும் வீட்டோடு சேர்ந்தே வந்தது. ஆறு பேர் உட்காரலாம், 1,400 லிட்டர் பிடிக்கும். பழைய சொந்தக்காரர் எந்தப் பட்டன் எதற்கு என்று பத்து நிமிடம் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்டோபரும் நவம்பரும் சொர்க்கம். டிசம்பரில் தங்கை கல்யாணத்துக்காக மூன்று வாரம் மதுரைக்குக் கிளம்பினோம். ஆளில்லாத வீட்டில் எதற்கு 38 டிகிரி, ஹைட்ரோ பில் (ஒன்டாரியோவில் கரன்ட் பில்லுக்கு அதுதான் பெயர்) சும்மா ஏறுமே என்று சூட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, மூடியைப் போட்டுவிட்டுப் போனேன். நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு நாளில் ப்ரேக்கர் விழுந்து, டப்புக்குக் கரன்ட் நின்றிருக்கிறது.

திரும்பி வந்த அன்று மூடியைத் தூக்கினால் வரவில்லை, தொட்டியின் விளிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கப் பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். பம்ப்பின் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் உறையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், அதன் வழியே குச்சி ஐஸ் மாதிரி பனிக்கட்டி பிதுங்கி நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், தொட்டியில் மேலே இரண்டு அங்குலம்தான் ஐஸ், அதற்குக் கீழே அத்தனையும் தண்ணீராகவே இருந்தது. ஆயிரத்து நானூறு லிட்டர் உறைய நாளாகும். குழாய்க்குள்ளும் பம்ப்புக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் தேங்கி நிற்கிற இரண்டு, மூன்று லிட்டர் உறைய அவ்வளவு நேரம் வேண்டாம். தண்ணீர் ஐஸ் ஆகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துவிடும், பருக்க இடமில்லாத குழாயில் அது வேறு என்ன செய்யும், உடைத்துக்கொண்டு வெளியே வரும். ரிப்பேருக்குக் கொடுத்த காசில் இரண்டு வின்டருக்கு ஹைட்ரோ கட்டியிருக்கலாம்.

அதனால் இந்தக் கட்டுரையில் தொட்டியைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை, உங்கள் கண்ணில் படாத அந்த இரண்டு, மூன்று லிட்டரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு முடிவு எடுங்கள்

ஓட்டப் போகிறீர்களா, மூடப் போகிறீர்களா? இரண்டில் எதைச் செய்தாலும் சரிதான். நான் செய்தது போல, ஓடவும் ஓடாமல் காலியும் ஆகாமல் பாதிக் கிணறு தாண்டுவதுதான் ஆபத்து. வாரத்துக்கு ஒரு தடவையாவது இறங்குவீர்கள், வீட்டில் ஆள் இருப்பீர்கள் என்றால் ஓட்டுங்கள். ஸ்னோ கொட்டும்போது கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்திருப்பதற்குத்தானே இதை வைத்திருக்கிறோம். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் ஊருக்குப் போகிறவர்கள், வார இறுதிக்கு மட்டும் காட்டேஜுக்குப் போய் வருகிறவர்கள், பம்ப் ஏற்கனவே முனகிக்கொண்டிருக்கும் பழைய டப் வைத்திருப்பவர்கள், இவர்கள் எல்லாம் முழுக்கக் காலி செய்து மூடிவிடுவது நல்லது.

காற்றடித்து வைக்கிற டப் என்றால் யோசிக்கவே வேண்டாம். அவற்றில் பலவற்றின் கையேட்டிலேயே 4 டிகிரிக்குக் கீழே வெளியில் வைக்காதே என்று போட்டிருக்கும். காலி செய்து, காயவைத்து, மடித்து பேஸ்மென்டில் போடுங்கள்.

சாதாரண 120 வோல்ட் பிளக்கில் சொருகுகிற டப்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அவற்றின் ஹீட்டர் ஒன்று, ஒன்றரை கிலோவாட்தான். கணக்குப் போட்டால் 1,400 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.6 யூனிட் கரன்ட் வேண்டும், அதாவது வெப்பம் துளியும் வீணாகாவிட்டாலும் ஒரு கிலோவாட் ஹீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வெளியே மைனஸ் இருபதில் அது ஏற்றுகிற வேகமும் தண்ணீர் ஆறுகிற வேகமும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். பலவற்றில் ஜெட் (தண்ணீரைப் பீய்ச்சுகிற துவாரங்கள்) வேகமாக ஓடும்போது ஹீட்டர் நின்றும்விடும். இருக்கிற சூட்டைக் காத்துக்கொள்ள அது போதும், ஆனால் ஒருமுறை ஆறவிட்டால் மீண்டு வருவது கஷ்டம்.

ஓட்டுகிறவர்கள் நவம்பருக்குள் செய்ய வேண்டியது

தண்ணீரை அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ மாற்றிவிடுங்கள். ஒரு தடவை நிரப்பிய தண்ணீர் மூன்று, நான்கு மாதம் தாங்கும், ஆகவே இப்போது மாற்றினால் அடுத்தது பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில்தான். இந்தக் கணக்கைத் தவற விட்டவர்கள்தான் ஜனவரி நடுவில், மைனஸ் பதினெட்டில், தோட்டத்து ஹோஸ் உறைந்து கட்டையாகிக் கிடக்க, சமையலறைக் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்துக்கொண்டு நிற்பார்கள். பழைய தண்ணீரை வெளியேற்றுவதற்கு முன் மூடியைத் திறந்துவைத்து, குளோரின் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிட்டதா என்று டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பாருங்கள். தெருவோரத்து மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. எங்கே விடலாம் என்ற விதி ஊருக்கு ஊர் வேறு, உங்கள் நகராட்சியின் தளத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். நடைபாதைப் பக்கம் ஓடவிட்டால் மறுநாள் காலை அது கண்ணாடி, முதலில் வழுக்கி விழுவது நீங்களாகத்தான் இருக்கும்.

அடுத்து ஃபில்டர். இதைத் துணி துவைப்பது போல ஒரு சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். ஃபில்டர் அடைத்தால் நீரோட்டம் குறையும், நீரோட்டம் குறைந்தால் ஹீட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், மற்ற நாளில் அது ஒரு எரர் கோடு, வின்டரில் அதுதான் உறைவதன் ஆரம்பம். இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கானதை எடுத்துவிட்டுச் சுத்தமானதைப் போட்டுவிட்டு, அழுக்கை வீட்டுக்குள் கொண்டுபோய் நிதானமாகக் கழுவலாம். ஈரமான ஃபில்டரை வெளியே மறந்துவைத்தால் கருங்கல் ஆகிவிடும், மடிப்புகளும் கிழியும்.

பிறகு பக்கப் பலகையைத் திறந்து உள்ளே ஒரு பார்வை. சொட்டுகிறதா? இன்சுலேஷன் சரிந்து கிடக்கிறதா? எலி வந்த அடையாளம் உண்டா? குளிர்காலத்தில் அந்தப் பெட்டிக்குள் இதமாக இருப்பது எலிக்கும் தெரியும், வயரைக் கடிக்கவும் தெரியும். ஓட்டைகளில் ஸ்டீல் வுல் திணித்துவிடுங்கள், மோட்டாருக்குக் காற்று போக வைத்திருக்கிற துவாரத்தை மட்டும் அடைக்காதீர்கள்.

சூடும் ஓட்டமும்

சாதாரணமாக எல்லா டப்பும் 40 டிகிரியில் நின்றுவிடும், அதற்கு மேல் உடம்புக்கும் ஆகாது. வின்டரில் 38 போதும். இறங்காத நாட்களில் 35, 36க்கு இறக்கினாலும் பரவாயில்லை, ஆனால் தினமும் ஏற்றி இறக்கி விளையாட வேண்டாம். ஒன்டாரியோவில் இருப்பவர்கள் 2023 மேயில் வந்த, இரவு 11 முதல் காலை 7 வரை மலிவான கட்டணத் திட்டத்தில் சேர்ந்திருக்கலாம். ஹீட்டரை அந்த நேரத்தில் மட்டும் வேலை செய்ய வைப்பது நல்ல யோசனைதான், நானும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஹீட்டரின் நேரம் வேறு, தண்ணீர் சுற்றுகிற நேரம் வேறு. சுற்றுவதை நாள் முழுக்கப் பரப்பிவைக்க வேண்டும். பகலில் எட்டு மணி நேரம் பம்ப்பே ஓடாத மாதிரி செட்டிங்கை மாற்றிவிட்டு ஹைட்ரோவை மிச்சம் பிடித்தேன் என்று சொல்லாதீர்கள்.

பெரும்பாலான டப்களில் உறையாமல் காக்கும் வசதி ஒன்று உள்ளேயே இருக்கும். சென்சார் அளவுக்கு மீறிய குளிரை உணர்ந்தால் பம்ப் தானாக ஓட ஆரம்பிக்கும், சில பேனல்களில் 'ஐஸ்' என்று எழுத்தும் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை நம்பி நிம்மதியாகத் தூங்குமுன் அது எப்போதெல்லாம் வேலை செய்யாது என்று யோசியுங்கள்: கரன்ட் இல்லாதபோது, ப்ரேக்கர் விழுந்தபோது, தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் வாய்க்கு (மேல்தண்ணீரை ஃபில்டருக்கு இழுக்கிற திறப்பு) கீழே இறங்கி பம்ப் காற்றை உறிஞ்சும்போது, ஃபில்டர் அடைத்தபோது. எனக்கு நடந்தது இரண்டாவது.

இன்னொன்று, வானிலை அறிக்கையில் 'விண்ட் சில் மைனஸ் 32' என்று பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. அது மனிதத் தோலுக்கான கணக்கு. உண்மையான வெப்பநிலை மைனஸ் 19 என்றால் உங்கள் குழாய் அதற்குக் கீழே போகாது. ஆனால் காற்று பலகை இடுக்குகள் வழியே உள்ளே புகுந்தால் அந்த மைனஸ் 19ஐ மிகச் சீக்கிரம் எட்டிவிடும், ஆகவே காற்றடிக்கிற பக்கத்து இடுக்குகளைக் கவனியுங்கள்.

மூடி

வெப்பம் அதிகம் போவது மேல்வழியாகத்தான். மூடியின் ஒரு பாதியை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள், வாங்கியபோது இருந்ததைவிடக் கனமாக இருக்கிறதா? உள்ளே இருக்கிற ஃபோமைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழிந்து, ஆவி உள்ளே போய் ஊறிவிட்டது என்று அர்த்தம். ஊறிய ஃபோம் ஈரத் துணிதான், அது சூட்டைப் பிடித்து வைக்காது. வெயிலில் காயவைத்தால் சரியாகும் என்று நானும் ஒரு கோடை முழுக்கக் காயவைத்தேன், ஆகவில்லை. புதிது வாங்குவதுதான் வழி. தண்ணீரின் மேல் மிதக்கவிடும் மெல்லிய ஃபோம் விரிப்பு ஒன்றும் கிடைக்கிறது, விலை குறைவு, பெரிய மூடியின் ஆயுளையும் கூட்டும்.

ஸ்னோ கொட்டி முடித்ததும் மூடியைத் துடைத்துவிடுங்கள். மென்மையான துடைப்பம் போதும், இரும்பு ஷவல் வேண்டாம், ஒரே இழுப்பில் வினைல் கிழியும். கிளிப்புகளை எப்போதும் பூட்டியே வையுங்கள், காற்றுக்காகவும் குழந்தைகளுக்காகவும். மூடி விளிம்பில் ஒட்டிக்கொண்டால் கைப்பிடியைப் பிடித்து இழுக்காதீர்கள், தையல்தான் பிய்யும். வெதுவெதுப்பான தண்ணீரை விளிம்பில் ஊற்றி இரண்டு நிமிடம் பொறுங்கள், கொதிநீர் வேண்டாம். டப்பைச் சுற்றிக் குவிகிற ஸ்னோ ஒரு வகையில் போர்வைதான், அதை விட்டுவிடலாம், ஆனால் பம்ப் இருக்கிற பக்கப் பலகைக்கு ஒரு பாதை வெட்டிவையுங்கள், ராத்திரி பதினொரு மணிக்கு அதைத் திறக்க வேண்டி வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கரன்ட் போனால்

2013 டிசம்பரில் டொராண்டோவில் உறைமழை கொட்டி, மரங்கள் மின்கம்பிகளின் மேல் விழுந்து, நகரத்தில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரன்ட் போனது. சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் வரவில்லை. அதனால் இங்கெல்லாம் கரன்ட் போகாது என்று இருந்துவிடாதீர்கள்.

போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம், மூடியைத் திறக்காமல் இருப்பது. தண்ணீர் சூடாகத்தானே இருக்கிறது, கடைசியாக ஒரு முழுக்குப் போடுவோம் என்று தோன்றும், தோன்றட்டும். நல்ல மூடி, நல்ல இன்சுலேஷன் உள்ள டப், 38 டிகிரியில் இருந்தது என்றால் ஒரு நாள் வரை பொதுவாகத் தாங்கிவிடும். மேலே பழைய கம்பளி, அதற்கு மேல் தார்ப்பாய், ஓரங்களை இறுக்கிக் கட்டுங்கள், பக்கப் பலகைகளையும் சேர்த்து மூடுங்கள். ஆறுகிற தொட்டியிலிருந்து கசியும் வெப்பம்தான் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற குழாய்களைக் காக்கப் போகிறது.

ஒரு நாளைத் தாண்டினால், கேஸ் அடுப்பு எரிகிறவர்கள் வெந்நீர் நிரப்பிய மூடிபோட்ட பாட்டில்களைப் பம்ப்புக்கும் ஹீட்டருக்கும் அருகில் வைத்து, நாலைந்து மணிக்கு ஒருமுறை மாற்றலாம். ஜெனரேட்டர் இருந்தால், 240 வோல்ட் டப்பை அதில் ஓட்ட முயலாமல், பெட்டிக்குள் ஒரு பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள், எல்இடி பல்பு அவ்வளவு சூடாகாது. வயரிலும் ஃபோமிலும் படாமல் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் வீட்டை விட்டுத் தள்ளி வெளியில்தான் ஓட வேண்டும், கராஜில்கூட வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். இதுவும் முடியாது, இன்னும் இரண்டு, மூன்று நாள் வராது என்று தெரிந்துவிட்டால், தண்ணீர் இன்னும் சூடாக இருக்கும்போதே காலி செய்துவிடுங்கள். உறைய ஆரம்பித்த பிறகு காலியும் செய்ய முடியாது.

ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு நாளுக்கு ஒருமுறை பேனலில் எண் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நான் இப்போது கூடவே ஒரு பழைய வைஃபை கேமராவைப் பேனலைப் பார்க்க வைத்திருக்கிறேன்.

ஏற்கனவே உறைந்துவிட்டது என்றால்

பம்ப்பை ஓட்டிப் பார்க்காதீர்கள். ஐஸ் அடைத்த பம்ப் சுற்றினால் சீல் போய்விடும், மோட்டாரும் போகலாம். ப்ரேக்கரை இறக்கிவிட்டு, பக்கப் பலகையைத் திறந்து, மேலே தார்ப்பாயால் கூடாரம் போல மூடி, உள்ளே ஒரு சிறிய ஹீட்டரைக் குறைந்த சூட்டில் வையுங்கள், எதுவும் அதன்மேல் படாத தூரத்தில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். ஒரு நாள்கூட ஆகலாம். ஹீட் கன்னும் கொதிநீரும் பிளாஸ்டிக்கை மேலும் உடைக்கும். உருகிய பிறகுதான் எங்கே விரிசல் என்று தெரியும், ஏனென்றால் ஐஸாக இருக்கும்வரை அதுவே அடைப்பாக நிற்கிறது.

மூடுகிறவர்களுக்கு

முதல் உறைபனிக்கு முன், வெளியே இன்னும் பத்து டிகிரி இருக்கும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். மூன்று, நான்கு மணி நேர வேலை, அதில் தண்ணீரை இறக்குவது சுலபமான பகுதி.

ப்ரேக்கரை இறக்குங்கள். அடிக் குழாயில் ஹோஸ் மாட்டியோ, சின்ன நீர்மூழ்கி பம்ப்பை உள்ளே போட்டோ காலி செய்யுங்கள். ஃபில்டர்களை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். உட்காரும் குழிகளில், கால் வைக்கிற பள்ளத்தில் தேங்கியதைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

இப்போதுதான் உண்மையான வேலை. ஈரமும் உறிஞ்சும் பெரிய வேக்யூம், இங்கே எல்லோரும் ஷாப் வேக் என்று சொல்வது, ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள். அதன் ஹோஸை ஊதுகிற பக்கம் மாட்டி, காற்று விடும் திருகுகள் எல்லாவற்றையும் திறந்துவைத்து, ஃபில்டர் குழியின் ஓட்டையில் வைத்து ஊதுங்கள். ஜெட்டுகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அடுத்து ஒவ்வொரு ஜெட்டிலும் வைத்து ஊதுங்கள். ஒன்றில் ஊதினால் பக்கத்து ஜெட்டில் சளசளவென்று சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் நிற்கும்வரை. பக்கத்தில் இருப்பவற்றை ஈரத் துண்டால் அடைத்தால் காற்று தூரத்தில் உள்ளவற்றுக்குப் போகும். எந்தப் பக்க ஜெட்டுக்குத் தண்ணீர் என்று மாற்றுகிற வால்வை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பி மறுபடி ஊதுங்கள், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஊதி முடித்ததும் ஹோஸை உறிஞ்சும் பக்கம் மாற்றி ஒரு சுற்று.

பிறகு பக்கப் பலகைக்குள். பம்ப்பின் அடியில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும், கழற்றுங்கள், ஒரு டம்ளர் தண்ணீராவது வரும். பம்ப்பின் இரண்டு பக்கமும் ஹீட்டரின் இரண்டு பக்கமும் உள்ள யூனியன்களை (குழாயை இணைக்கிற பெரிய திருகு வளையங்கள்) கையாலேயே தளர்த்தி, தளர்த்தியபடியே விடுங்கள். உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் விழுந்து தொலையாமல் பாருங்கள். கழற்றிய திருகாணிகளை ஒரு ஜிப் பையில் போட்டு அங்கேயே டேப் போட்டு ஒட்டுங்கள். சமையலறை டிராயரில் வைத்தேன் என்று ஏப்ரலில் தேடாதீர்கள்.

எவ்வளவு ஊதினாலும் கொஞ்சம் தண்ணீர் தங்கத்தான் செய்யும். அதற்குத்தான் ஆர்வி வண்டிக் (உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வண்டி) குழாய்களுக்கு விற்கிற, உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ், கனடியன் டயர் கடையில் கிடைக்கும். யூனியன்கள் திறந்திருந்தால் வழியிலேயே ஒழுகிவிடும் என்பதால், நான் ஜெட்டுகளிலும் ஃபில்டர் குழியிலும் புனல் வைத்து ஊற்றி, யூனியன்களில் தண்ணீர் வருவது நின்று இளஞ்சிவப்பு சொட்டும்வரை ஊற்றுகிறேன். காருக்குப் போடுகிற ஆன்டிஃப்ரீஸை மட்டும் ஒருநாளும் ஊற்றாதீர்கள். அது எத்திலீன் கிளைக்கால், விஷம், இனிப்பாக வேறு இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும். இளஞ்சிவப்பானது புரோப்பிலீன் கிளைக்கால், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக மூடி. காலி டப்பில் அடியில் வெதுவெதுப்பு கிடையாது, ஸ்னோ உருகாமல் அப்படியே ஏறும், நடுவில் மூடி தொய்ந்துவிடும். மூடிக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகை கொடுத்தால் தாங்கும். மேலே தார்ப்பாய் கட்டுங்கள்.

ஏப்ரலில் திறக்கும்போது அவசரப்பட்டு ப்ரேக்கரை ஏற்ற வேண்டாம், தண்ணீர் இல்லாத ஹீட்டர் கருகிவிடும். திருகாணிகளைப் போட்டு, யூனியன்களைக் கையால் இறுக்கி, பாதி நிரப்பி, அடிக் குழாய் வழியே வெளியேற்றிவிடுங்கள், இளஞ்சிவப்பு நீர் அதோடு போய்விடும். இரண்டாவது தடவை நிரப்பும்போது ஹோஸை ஃபில்டர் குழிக்குள் விட்டு நிரப்புங்கள், குழாய்க்குள் இருக்கும் காற்று அப்போதுதான் முன்னால் தள்ளப்பட்டு வெளியே வரும். ஸ்கிம்மர் வாய் மூழ்கிய பிறகு ப்ரேக்கர். பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டும் ஜெட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் காற்று பிடித்திருக்கிறது: பம்ப்பை நிறுத்தி, மேல் யூனியனை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், உஸ் என்று காற்று போய்த் தண்ணீர் கசிய ஆரம்பித்ததும் இறுக்கிவிட்டு மறுபடி போடுங்கள். குழாய்த் தண்ணீர் பத்து டிகிரியில் வந்தால் 38க்கு ஏற ஐந்தரைக் கிலோவாட் ஹீட்டருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் நிரப்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இறங்கலாம்.